பெயரில் ஒளிந்த நகைச்சுவை

விக்டோரியா அரசியார் காலத்து நகைச்சுவை நாடகங்களுள் புகழ்பெற்றது, ஆஸ்கார் வைல்டு இயற்றிய ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’. 1895 பிப்ரவரி 14 அன்று இலண்டனில் இது முதன்முதலாக நடிக்கப்பெற்றது. இதனைக் கற்போர் சிலேடை, முரண்நகை, அங்கதம் ஆகிய மூன்றையும் ஒன்றெனக் கருதிவிடுவது உண்டு. மூன்றும் சிரிப்பை எழுப்புவதே காரணம்.

‘எர்னஸ்ட்’ என்பது ஆண்பெயர். ‘உளமார்ந்த வாய்மையுடைய’ என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லும் அவ்வாறே ஒலிக்கும். ஏட்டில் ஓரெழுத்து வேறுபாடு உண்டு, செவிக்கு இல்லை. ஆதலின் இச்சிலேடை அரங்கில்தான் முழுமை பெறும். தமிழில் பெயர்த்தாலோ மறைந்துவிடும்.

கதைத்தலைவன் ஜாக், நகரத்தில் தன் பெயர் எர்னஸ்ட் என்று பொய்யுரைக்கிறான். அதுவே தனக்கு இடப்பெற்ற பெயர் என இறுதியில் அறிகிறான். பொய்யென எண்ணியது மெய்யாவது முரண்நகை.

அங்கதத்தை உணர்வதே சற்றுக் கடினம். வெளிப்படையாகப் பழிப்பது, மறைத்துப் பழிப்பது எனத் தொல்காப்பியம் அதனை இருவகையாகப் பகுக்கும். வைல்டு கையாள்வது பின்னையது. தன் மகளை மணக்க விரும்பும் ஜாக்கிடம் பிராக்னெல் சீமாட்டி வருமானம், வீடு, நிலம் என வரிசையாக வினவிக் குறிப்பேட்டில் எழுதுகிறாள். அவன் விக்டோரியா இரயில் நிலையத்தில் ஒரு கைப்பையில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்றறிந்ததும், பெற்றோருள் ஒருவரையேனும் விரைவில் தேடிக்கொள்ளுமாறு அறிவுறுத்துகிறாள். அக்காட்சியில் ஆசிரியர் எவரையும் வையவில்லை. ஆயினும் திருமணத்தைக் கொடுக்கல் வாங்கலாக்கிய உயர்குடியினரின் போக்கு வெளிப்பட்டுவிடுகிறது.

நாடகம் நடந்துகொண்டிருந்தபோதே, 1895 ஏப்ரலில் வைல்டு கைதானார். அதன் பின்னும் சில வாரங்கள் அது மேடையேறியது. விளம்பரத் தாள்களில் ஆசிரியரின் பெயர் மட்டும் நீக்கப்பட்டிருந்தது.