தனுக்கிகளின் பேய் ஊர்வலம்

காட்டை அழிக்க வருகிறவர்களை விலங்குகள் ஓட ஓட விரட்டும் படங்களில் என் மனதுக்கு நெருக்கமானது, 1994இல் இசாவோ தகஹாதா ஜிப்ளி ஸ்டுடியோவுக்காக இயக்கிய 'போம் போகோ'. டோக்கியோவை ஒட்டிய தமா குன்றுகளில் 1960களில் நிஜமாகவே தொடங்கிய துணைநகரத் திட்டம்தான் பின்னணி. குடியிருப்புக்காகக் குன்றுகளை மழிக்கிறார்கள். அங்கே வாழும் தனுக்கிகள் எதிர்த்து நிற்கின்றன. தனுக்கி நாய்க் குடும்பத்து விலங்கு. அதற்கு உருமாறத் தெரியும் என்பது ஜப்பானிய நாட்டார் நம்பிக்கை.

பேய் ஊர்வலக் காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். குடியேறியவர்களை மிரட்ட, தனுக்கிகள் தெருவெங்கும் பூதங்களாக வருகின்றன. ஷிகோகு தீவிலிருந்து உதவிக்கு வந்த மூத்த தனுக்கி ஒன்று அந்த உழைப்பிலேயே உயிரை விடுகிறது. குழந்தைகளோ பயப்படாமல் குதூகலிக்கிறார்கள். பிறகு ஒரு கேளிக்கைப் பூங்கா முதலாளி, எல்லாம் தன் விளம்பரம்தான் என்று சொல்லிவிடுகிறார்! என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு நெஞ்சை அடைத்தது.

ஹாலிவுட்டின் 'ஃபர்ரி வெஞ்சன்ஸ்' (2010) படத்தில் ரக்கூனும் கூட்டாளிகளும் வென்றுவிடுகிறார்கள். தகஹாதா பிள்ளைகளுக்கு அந்த ஆறுதலைத் தருவதில்லை. நகரம் எழும்பிவிடுகிறது, உருமாறத் தெரிந்த தனுக்கிகள் மனிதர்களாகி ரயிலேறி வேலைக்குப் போகின்றன. உருமாறத் தெரியாத முயல்களின் கதி என்ன என்று ஒரு தனுக்கி நம்மைப் பார்த்தே கேட்கிறது. பிள்ளைகளைத் தனியே பார்க்க விடாதீர்கள்; கூடவே உட்காருங்கள், கேள்விகள் நிறைய வரும்.