மூத்த திருப்பதிகங்களில் அச்சச் சுவையும் இசையும்

முன்னுரை

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாக அச்சத்தைக் கூறினார். அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் அணங்கினை முதலில் வைத்தார். பேயும் பூதமும் அணங்கினுள் அடங்கும் என்பது உரை மரபு.

அச்சத்தைப் பாடிய கவிஞர் இசைக்கு என்ன வழங்கினார் என்னும் வினா மேலைநாட்டில் பெரிதும் பேசப்பட்டதாகும். அமெரிக்கரான எட்கார் ஆலன் போ (1809-1849) திகிற்கதைகளாலும் கவிதைகளாலும் புகழ்பெற்றவர். 'மணிகள்' என்னும் அவர்தம் கவிதையின் உருசிய மொழியாக்கத்தைக் கொண்டு இராக்மானினோவ் 1913இல் பாடகர் குழுவுக்கும் இசைக்குழுவுக்கும் உரிய பெரும் படைப்பொன்றை அமைத்தார். பிரெஞ்சு இசையறிஞர் தெபூசி, 'அஷர் மாளிகையின் வீழ்ச்சி' என்னும் போவின் கதையை இசைநாடகமாக்கப் பல்லாண்டு முயன்று, முற்றுவிக்காமலே 1918இல் மறைந்தார்.

இதே வினாவைத் தமிழில் எழுப்பினால், போவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒருவர் நம் முன் நிற்கிறார். அவர் காரைக்கால் அம்மையார்.

பேயுருவும் பெருங்கவியும்

புனிதவதி என்னும் இயற்பெயருடைய அம்மையார் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டினர். மாங்கனி நிகழ்ச்சிக்குப்பின் கணவன் பரமதத்தன் அஞ்சிப் பிரிந்ததையும், அவர் தம் அழகுடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றதையும் சேக்கிழார் விரித்துரைப்பார். சுந்தரரும் அவரைப் 'பேயார்' என்றே சுட்டுவார்.

அம்மையார் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு பாடினார். அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை ஆகியவற்றோடு இவை பதினோராம் திருமுறையில் இடம்பெற்றுள்ளன. தேவாரப் பதிகங்களுக்கு முற்பட்டவை ஆதலின் 'மூத்த' என்னும் அடை பெற்றன.

புறங்காட்டுக் காட்சிகள்

பதிகங்களின் களம் சுடுகாடு. வற்றிய உடலும் குழிந்த கண்ணும் நீண்ட பல்லும் உடைய பெண்பேய் அங்கே அலறித் திரிகிறது. ஒரு பேய் எரிந்து எஞ்சிய கொள்ளியை மசித்து மையாக்கிக் கண்ணுக்கு எழுதுகிறது. மற்றொரு பேய், பெற்ற பிள்ளைக்குக் காளி எனப் பெயரிட்டு, உடலில் படிந்த புழுதியைத் துடைத்துப் பாலூட்டிச் செல்கிறது. சென்ற தாய் திரும்பவில்லை. குழவி அழுது அழுது உறங்கிவிடுகிறது. அஞ்சிக்கொண்டே படித்து வந்தவர் இவ்விடத்தில் இரங்கி நிற்பர். அச்சத்தினுள் அருளை வைத்துப் பாடியது அம்மையாரின் தனித்திறம் எனலாம்.

பண்ணும் கருவியும்

போ தம் கவிதைகளுக்குத் தாமே இசை வகுத்தவர் அல்லர், பின்வந்தோரே வகுத்தனர். அம்மையார் பதிகங்களோ பண்ணோடு வழங்கி வருகின்றன. முதற்பதிகம் நட்டபாடை, இரண்டாவது இந்தளம். இன்று இவற்றை முறையே கம்பீரநாட்டை, மாயாமாளவகௌளை ஆகிய இராகங்களோடு இயைத்துக் கூறுவர்.

முதற்பதிகத்தின் ஒரு பாட்டில் துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப் பழந்தமிழ்ச் சுரப்பெயர்கள் வருகின்றன. கொக்கரை, தக்கை, துந்துபி, வீணை, மத்தளம், குடமுழா, மொந்தை எனக் கருவிகள் அணிவகுக்கின்றன. பேய்கள் கூடிய சுடுகாடே இறைவன் ஆடும் அரங்காகவும் இசையரங்காகவும் மாறிவிடுகிறது. இசையிலக்கணம் அறிந்தார்க்கன்றி இப்பாட்டு வாய்த்திராது.

பின்வந்தோர் பின்பற்றிய நெறி

ஒரு தலத்தைப் பத்துப் பாட்டால் பாடி, இறுதிப் பாட்டில் பாடியவர் பெயரையும் பாடுவோர் பெறும் பயனையும் அமைப்பது பதிக மரபு. இம்மரபை அம்மையாரிடம் முதலில் காண்கிறோம். பின்வந்த சம்பந்தர் பதிகங்களிலும் இவ்வமைப்பே திருக்கடைக்காப்பாக விளங்குகிறது. சம்பந்தரின் முதற்பதிகம் நட்டபாடையிலும், சுந்தரரின் முதற்பதிகம் இந்தளத்திலும் அமைந்திருப்பது உற்றுநோக்கத்தக்கது. அம்மையார் தலையால் நடந்த தலம் என்பதனால் சம்பந்தர் ஆலங்காட்டில் அடிவைக்க அஞ்சினார் என்று பெரியபுராணம் கூறும். மூத்தவர் என்று இளையவர் போற்றிய பாங்கு இது.

சிற்பிகளும் அம்மையாரை இசையோடு சேர்த்தே கண்டனர். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் பெருமானின் அருகே தாளமிடும் கோலத்தில் அவரைக் காணலாம். கம்போடியாவின் பந்தியாய் சிரே கோயிலில் (கி.பி. 967) ஆடும் சிவனருகே உள்ள மெலிந்த உருவமும் அம்மையாரே என்பது அறிஞர் பலர் கருத்து. 1973இல் ஏ.பி. நாகராசன் இயக்கிய 'காரைக்கால் அம்மையார்' திரைப்படத்தில் கே.பி. சுந்தராம்பாள் அம்மையாராக நடித்துப் பாடினார்.

அச்சத்தின் பயன்

அச்சமூட்டுவது மட்டுமே அம்மையாரின் நோக்கமாயின் அப்பாடல்கள் இத்துணைக் காலம் நிலைத்திரா. அழகும் செல்வமும் எரிந்து அடங்கும் இடத்தைக் காட்டி, அங்கும் அடங்காத ஒன்றை நினைப்பித்தார். மண்ணறைகளைக் காண்பது மறுமையை நினைவூட்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை அறிந்த நமக்கு இவ்வுணர்வு புதியதன்று. சமய நெறிகள் வேறு. இறப்பை எண்ணி உள்ளம் கனியும் நிலை மாந்தர் அனைவர்க்கும் பொது.

முடிவுரை

இன்று நம் வகுப்பறைகளில் மூத்த திருப்பதிகம் பெரும்பாலும் இரு மதிப்பெண் வினாவாகச் சுருங்கிவிட்டது. 'எத்தனையாம் திருமுறை?' என்று கேட்கிறோம், 'எப்பண்?' என்று கேட்பதில்லை. பண்ணை இழந்த பதிகத்தில் பேய் மட்டுமே எஞ்சும். ஆடலும் பாடலும் மறைந்துவிடும். சேவூரில் தறியோசை கேட்டு வளர்ந்த மாணவர்க்குச் சந்தம் என்பது கண்ணால் கற்பதன்று, காதால் கற்பது என்பதை எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஓதுவார் ஒருவரை அழைத்து, இவ்விரு பதிகங்களையும் பண்ணோடு பாடக்கேட்போம். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் தொடங்கிவைத்த இசையை நம் செவிகளும் அறியட்டும்.