தீவுகள் தனித்தில்லை: கணையத் திட்டுகளும் செரிமானமும்

கலைச்சொல் ஒரு பொருளை விளக்கும். சில வேளைகளில் மறைக்கவும் செய்யும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'கணையம்' என வழங்கும் உறுப்பை இலங்கைத் தமிழர் 'சதையி' என்பர். அதன் கிரேக்கப் பெயரும் 'முழுதும் சதை' என்னும் பொருளதே.

1869ஆம் ஆண்டில் பெர்லினில் மருத்துவம் பயின்ற பவுல் லாங்கர்ஹான்ஸ், இவ்வுறுப்பினுள் சிதறிக் கிடந்த சிறு செல் தொகுதிகளை விவரித்தார். அவை பின்னாளில் அவர் பெயராலேயே 'தீவுகள்' எனப்பட்டன; தமிழில் 'திட்டுகள்' ஆயின. 'இன்சுலின்' என்னும் பெயரும் தீவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்ததே. கணையத்தில் இத்திட்டுகள் நூற்றுக்கு ஓரிரு பங்கே. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி செரிமான நொதிகளைச் சுரக்கும் செல்களாகும்.

தீவு என்றதும் நாம் தனிமையை எண்ணுகிறோம். உண்மை வேறு. திட்டுகளை விட்டு நீங்கும் குருதியில் ஒரு பகுதி, உடலெங்கும் பரவுமுன் அண்டையிலுள்ள நொதிச் செல்களினூடே பாய்கிறது. ஆதலால் அச்செல்களை எட்டும் ஹார்மோன்களின் செறிவு மிகுதி.

சிராங்கூன் சாலை உணவகத்தில் சோறும் பருப்பும் நெய்யும் உண்கிறோம் எனக் கொள்வோம். புரதமும் கொழுப்பும் சிறுகுடலை அடைந்ததும் அது கோலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோனை வெளியிட்டு, நொதிகளைச் சுரக்கத் தூண்டுகிறது. இன்சுலின் அத்தூண்டுதலின் விளைவைப் பெருக்குகிறது. மாவுப்பொருளைச் செரிக்கும் அமைலேஸ் உருவாகவும் துணைபுரிகிறது. திட்டுகளே சுரக்கும் சொமட்டோஸ்டாட்டினும் கணையப் பாலிபெப்டைடும் சுரப்பைத் தணிக்கின்றன. ஊக்குவதும் அடக்குவதும் ஓரிடத்தினின்றே எழுகின்றன.

இன்சுலின் அற்றுப்போனால் என்னாகும்? நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளின் கணையத்தில் அமைலேஸ் பெரிதும் குறைந்தது. இன்சுலின் அளித்ததும் மீண்டது. முதல் வகை நீரிழிவுற்றோர் பலரின் கணையம் சிறுத்திருக்கிறது. சிலருக்கு நொதிச் சுரப்பும் குறைகிறது.

சிங்கப்பூர் 2016இல் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. அது குறித்த செய்திகளைத் தமிழில் தருவோர் 'சர்க்கரை நோய்' என்ற சொல்லோடு நின்றுவிடலாகாது. அச்சொல் நோயைக் குருதியிலுள்ள இனிப்பாக மட்டும் காட்டுகிறது. நீரிழிவுடையவர்க்குக் காரணமின்றி எடை குறைந்தாலோ, மலம் எண்ணெய்ப் பசையுடன் வெளியேறினாலோ, அதனையும் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடாமல் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். திட்டும் அதனைச் சூழ்ந்த செல்களும் ஒரே குருதியால் இணைந்தவை என்பதை விளங்கச் சொல்லும் தமிழே அவர்க்குப் பயன்படும் தமிழ்.