உக்கிராணக்காரனும் இல்லப் பொருளும்

விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, லூக்கா 16ஆம் அதிகாரத்தில், பிறர் பொருளை நிருவகிப்பவனை ‘உக்கிராணக்காரன்’ எனச் சுட்டுகின்றது. உக்கிராணம் என்பது பண்டசாலை. அதனைக் காப்பவன் உடைமையாளன் அல்லன்; கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவன். கிறித்தவ இல்லப் பொருளியலின் அடிப்படை இச்சொல்லில் அடங்கியுள்ளது எனலாம். செலவை முன்னரே கணக்கிடுதலும் (லூக்கா 14:28), கடன் பட்டவன் கொடுத்தவனுக்கு அடிமையாவான் என உணர்தலும் (நீதிமொழிகள் 22:7) இதன் விரிவுகளே. வரவு சிறிதாயினும் செலவு பெருகாவிடின் கேடில்லை என்னும் 478ஆம் குறளின் கருத்தும் இதனோடு ஒத்துச் செல்கின்றது.

கோலா கெத்தில் போன்ற கெடா மாநிலத் தோட்டப்புறங்களில், சம்பளம் கைக்கு வருமுன்னரே கடைப்பற்றில் கரைந்த குடும்பங்களுக்கு இவ்வறிவுரை ஏட்டுச் சுரைக்காய் அன்று. எனினும், தனியொரு குடும்பத்தின் சிக்கனம் மட்டும் போதுமா? தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் இதற்கு விடை தருகின்றது. அது சமயச் சார்பற்றது. ஆயினும், தொழிலாளர் மாதந்தோறும் பத்து வெள்ளியாகச் செலுத்திய பங்குத் தொகை, கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கத் துணைநின்றது. தன் இல்லத்திற்கெனக் காத்த பொருள் அயலானின் வாழ்வையும் காக்கும்போதே உக்கிராணக்காரனின் கணக்கு நிறைவுறுகின்றது.