ஹெல்மெட்டுக்கு உள்ளே ஒரு சீட்டு

 

கிரிக்கெட் ஹெல்மெட்டைத் திருப்பி உள்ளே பார்த்ததுண்டா? அங்கே ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும். நாம சைஸ் மட்டும் பார்த்துட்டு தலையில மாட்டிக்குவோம். எங்கள் தெரு அண்ணன்கள் காசு சேர்த்து வாங்கிய ஹெல்மெட்டில் நான் அதை எழுத்துக்கூட்டிப் படித்தேன். முழுக்க இங்கிலீஷ், பாதி வியர்வையில் அழிந்துவிட்டது. இப்படிப்பட்ட சீட்டுகளில் இருக்கும் முக்கியமான விஷயங்கள் இவை.

1. எந்த ஹெல்மெட்டும் எல்லா அடியையும் தடுக்காது. ஆஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் 2014 நவம்பர் 25 அன்று ஹெல்மெட் போட்டுத்தான் ஆடினார். பந்து ஹெல்மெட்டுக்குக் கீழே கழுத்தில் பட்டது. இரண்டாம் நாள் இறந்துவிட்டார். வயது 25 தான். அதன்பிறகுதான் கழுத்துக் காப்பு பரவலாக வந்தது.

2. பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்ற வேண்டும். ஏன்? பல ஹெல்மெட்டுகளின் உள்ளே தெர்மாக்கோல் மாதிரி ஒரு பொருள் இருக்கிறது. அது நசுங்கி அடியைத் தாங்குகிறது. நசுங்கினது திரும்ப உப்பாது. மேலே கீறல்கூட இருக்காது, ஆனா உள்ளே பலம் போயிருக்கும்.

3. பெயிண்ட், தின்னர் படக்கூடாது. அவை மேல் ஓட்டைப் பலவீனமாக்கிவிடும்.

4. எந்தப் பந்துக்குச் சோதித்தது என்று பார்க்க வேண்டும். பி.எஸ். 7928 என்ற 2013-ஆம் ஆண்டுத் தரத்தில் பெரியவர் பந்துக்கும் சிறுவர் பந்துக்கும் தனித்தனிச் சோதனை உண்டு. பெரியவர் பந்து 156 முதல் 163 கிராம். சிறுவர் பந்து அளவில் சிறியது. அதனால் கம்பிக்கும் முன்விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியில் அது நுழைந்துவிடலாம். அண்ணன் ஹெல்மெட் தம்பிக்கு ஆகும்னு நினைக்கிறது தப்பு!

"நாங்க பேட்டிங் பண்ணலையே, பக்கத்துல ஃபீல்டிங்தானே நிக்கிறோம்" என்று சிலர் சொல்வார்கள். இந்திய வீரர் ராமன் லம்பா 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஹெல்மெட் இல்லாமல் பக்கத்தில் நின்றார். பந்து தலையில் பட்டு, மூன்று நாளில் இறந்தார்.

பி.டி. சாருக்கு ஒரு வேண்டுகோள். நம் விளையாட்டு அறையில் இந்த நான்கையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாமா? சார் சரின்னா எழுதித்தர நான் தயார்.

படிச்சுட்டு மாட்டுங்க. தலை ஒண்ணுதான் இருக்கு!

- 9-ஆம் வகுப்பு மாணவி