இன்ஜின் இருபது, மாதிரி ஆயிரம்

மாதிரி இரயில் சேர்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத் தயாரிப்பு நிறுவனங்களிடமிருந்து மாதத்துக்கு ஒரு முறையாவது நிலவர அறிக்கை வந்துவிடும். எந்த இன்ஜினுக்கு அச்சு வெட்டி முடிந்தது, எந்தப் பெட்டியின் வண்ணம் சரியில்லை என்று ஆலைக்கே திரும்பிப் போனது, எது கப்பலேறிவிட்டது, எது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது எல்லாம் அதில் இருக்கும். பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் என்று பட்டியல் நீளும். ஆனால் ஈப்போ நிலையத்துக்கு வந்துபோகும் ஒரு வண்டியைக்கூட அதில் பார்க்க முடியாது.

இத்தனைக்கும் உண்மையான இரயிலையே கோர்த்து முடிக்கும் ஆலை ஒன்று ஈப்போவுக்குப் பக்கத்தில், பத்து காஜாவில் இருக்கிறது. சீனாவின் சிஆர்ஆர்சி நிறுவனம் ஏறக்குறைய 400 மில்லியன் ரிங்கிட் செலவில் 2015இல் அதைத் திறந்தது. ஹூனான் மாநிலத்து ஜூஜோ நகரத்துத் தலைமை ஆலையும் பத்து காஜாவும் சேர்ந்து உருவாக்கிய வண்டிகள்தான் இன்று நம் தண்டவாளங்களில் பாதிக்கு மேல் ஓடுவது போலத் தோன்றும். மாதிரி இரயில்களும் பெரும்பாலும் அதே தென்சீனாவில், குவாங்டோங் மாநிலத்தில் பிறப்பவை. பெரியது நம் வாசலுக்கே வந்துவிட்டது. சிறியதுதான் வர மறுக்கிறது.

ஏன் என்று புரிய, அந்த மாத அறிக்கையின் வரிகளுக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்க வேண்டும். ஓர் இன்ஜினை மாதிரியாகச் செய்ய முடிவெடுத்ததும் முதல் வேலை பழைய வரைபடங்களைத் தேடுவது. இன்ஜின் எங்காவது உயிரோடு இருந்தால் லேசர் கருவியை வைத்து அதை அளந்துவிடுவார்கள். பிறகு கணினியில் வரைந்து, எஃகில் அச்சு வெட்டுவார்கள். பணம் கரையும் இடம் இதுதான். கைப்பிடிக் கம்பி, ஏணி, காற்றுக்குழாய், விளக்கு என்று நூற்றுக்கும் மேற்பட்ட பாகங்கள் கொண்ட ஒரு மாதிரிக்கு அச்சுச் செலவே ஒரு லட்சம் அமெரிக்க டாலரைத் தொடுவதுண்டு. அச்சு முடிந்ததும் வண்ணமில்லாத முதல் மாதிரி வரும்; அதில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார்கள். அடுத்து வண்ண மாதிரி. மேலே ஓடும் மெல்லிய கோடுகளையும் எண்களையும் சிலிக்கன் திண்டில் மை தொட்டு ஒற்றி எடுக்கிறார்கள். நிறத்துக்கு ஓர் ஒற்று என்பதால், ஐந்து நிறம் இருந்தால் ஐந்து முறை அதே இடத்தில் பிசகாமல் ஒற்ற வேண்டும். அதன் பிறகு கம்பிகளையும் ஏணிகளையும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் ஒட்டுவார்கள். இந்த வேலைக்கு இயந்திரம் கிடையாது.

சீனப் புத்தாண்டுக்கு ஆலையை அடைத்தால் தொழிலாளர்கள் ஊருக்குப் போவார்கள், போனவர்கள் எல்லாரும் திரும்பி வருவதில்லை. புதிதாக வந்தவர்களுக்குக் கை பழக வேண்டும். அறிக்கையில் “மூன்றாம் காலாண்டு” என்று இருந்தது “நான்காம் காலாண்டு” என்று மாறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

மீதிப் பாதி, ஆலை யாருடையது என்பதில் இருக்கிறது. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயருக்கும் உள்ளே இருப்பதைச் செய்தவருக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் ஹார்ன்பி நிறுவனம் 1920இல் இருந்து இரயில் செய்த பெயர். பின்னாளில் மார்கேட் நகரத்து ஆலையில் உருவானவை அதன் வண்டிகள். 1990களின் கடைசியில் தயாரிப்பை சீனாவுக்கு மாற்றி, சாண்டா கான் என்ற ஒப்பந்த ஆலையை நம்பியிருந்தது. அந்த ஆலைதான் உலகின் பாதிப் பெரிய பெயர்களுக்கு மாதிரி இரயில் செய்துகொடுத்தது. 2008இல் அதை ஹாங்காங்கின் காடர் குழுமம் வாங்கியது. காடருக்குச் சொந்தமானது பாக்மன். பாக்மன் ஹார்ன்பியின் நேரடிப் போட்டியாளர். தன் சரக்கைச் செய்யும் ஆலையே எதிராளி கைக்குப் போனதும் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஹார்ன்பியின் இன்ஜின்கள் மாதக்கணக்கில் தாமதமாயின, கடைகள் காலியாகக் கிடந்தன. 2012இல் லாபம் விழுந்தபோது நிறுவனம் சொன்ன காரணங்களில் லண்டன் ஒலிம்பிக் பொம்மைகள் விற்காததும் ஒன்று, சீனாவிலிருந்து சரக்கு வராததும் ஒன்று.

இதற்கெல்லாம் மேலே கப்பல். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்தது. அந்த ஆண்டே ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு கொள்கலனின் வாடகை, முன்பு இரண்டாயிரம் டாலர் அளவில் இருந்தது, பத்தாயிரத்தைத் தாண்டியது. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியதும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போயின. 2025 ஏப்ரலில் அமெரிக்கா சீனப் பொருள்களுக்கு 145 விழுக்காடு வரி என்று அறிவித்தபோது, சீனாவில் முடிந்த சரக்கையே ஏற்றாமல் அங்கேயே நிறுத்தி வைத்த இறக்குமதியாளர்கள் உண்டு.

ஐரோப்பாவுக்குப் போகும் கொள்கலன் கப்பல் எந்த வழியாகப் போகிறது? மலாக்கா நீரிணை வழியாக. அதாவது குவாங்டோங்கில் பெட்டியில் அடைத்த இன்ஜின் பங்கோர் தீவுக்கு எதிரே பேராக் கடலைக் கடந்து, சூயஸ் வழியாகவோ ஆப்பிரிக்காவைச் சுற்றியோ இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு கடையில் விலை ஒட்டப்பட்டு, விமானத்தில் ஈப்போவுக்குத் திரும்பி வருகிறது. போய்வந்த செலவு நம் தலையில். 200 பவுன் இன்ஜின் என்றால் ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல். 500 ரிங்கிட்டுக்குக் குறைவான பொருளை வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினாலும் 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பெட்டிகளைத் தனியே வாங்கித் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டவர்களுக்கு அதுவும் போயிற்று.

காத்திருப்பதற்கு ஒரு நல்ல பதில் பாக்மனின் ஐரோப்பியப் பிரிவிடமிருந்து வந்தது. பல ஆண்டுகள் முன்பே ஆர்ப்பாட்டமாக அறிவித்துவிட்டு வாடிக்கையாளரை ஏங்க வைப்பதைக் கைவிட்டு, 2021 முதல் அடுத்த மூன்று மாதத்துக்குள் கடைக்கு வரப்போவதை மட்டும் அறிவிக்கத் தொடங்கினார்கள். ஜப்பானின் காட்டோ தன் சொந்த நாட்டிலேயே ஆலை வைத்து, 1965இல் முதல் ஜப்பானிய ‘என்’ (N) அளவு இன்ஜினை வெளியிட்ட காலந்தொட்டுத் தானே செய்கிறது. ஆலை தன்னுடையதாக இருந்தால் அறிக்கையும் நிதானமாகத்தான் இருக்கும்.

இனி நம் கதைக்கு வருவோம். மெர்டேக்கா ஆண்டான 1957இல் மலாயா இரயில்வேக்கு (இன்றைய கேடிஎம்) இங்கிலாந்தின் இங்கிலீஷ் எலக்ட்ரிக் நிறுவனத்திடமிருந்து பெரிய டீசல் இன்ஜின்கள் வரத் தொடங்கின. பூக்களின் பெயர் வைத்த 20ஆம் வகுப்பு அது, மொத்தம் 26. 1971இல் வந்த 22ஆம் வகுப்பு 40. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த 26ஆம் வகுப்பு, அதாவது ப்ளூ டைகர், 20. 2010இல் ஈப்போவையும் கோலாலம்பூரையும் இணைத்த முதல் இடிஎஸ் மின்சார வண்டிகள் ஐந்தே ஐந்து தொடர். 2015இல் ஜூஜோவிடமிருந்து வந்தவை பத்துத் தொடர். ஒரு மாதிரி இன்ஜினுக்கு அச்சு வெட்டுபவர் எல்லா வண்ணங்களையும் சேர்த்து ஆயிரம் இரண்டாயிரமாவது விற்றாக வேண்டும். உண்மையில் ஓடியது இருபது, பொம்மையில் ஓட ஆயிரம். மலேசியாவில் கேடிஎம் மீது எவ்வளவு பிரியம் இருந்தாலும் இந்தக் கணக்கு நேராகாது.

தண்டவாளம் இன்னொரு சிக்கல். நம்முடையது மீட்டர் பாதை, 1000 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் 1,435. உலகம் பெருவாரியாக வாங்கும் எச்ஓ அளவு என்பது 87இல் ஒரு பங்கு. அதில் அவர்களுடைய பாதை 16.5 மில்லிமீட்டர், நம்முடையது கணக்குப்படி பதினொன்றரை. கடையில் வாங்கிய வண்டியை அப்படியே ஓடவிட்டால் கேடிஎம் இன்ஜின் அகலக் கால் விரித்து நிற்கும். ஜப்பானியர் இதைப் பொருட்படுத்துவதில்லை; இன்னும் சிறிய ‘என்’ அளவில், அவர்களுடைய 1,067 மில்லிமீட்டர் வண்டிகளைக் கணக்குக்குப் பொருந்தாத 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறார்கள். நானாக இருந்தால் சுவிட்சர்லாந்தைப் பார்ப்பேன். அங்கே மலை ஏறும் ரேத்தியன் இரயில்வேயும் மீட்டர் பாதைதான். ஜெர்மனியின் பெமோ நிறுவனம் அதற்காகவே 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் வண்டிகள் செய்கிறது. பிரிட்டனின் பெக்கோ அந்த அளவுத் தண்டவாளமும் விற்கிறது. அடித்தளமும் சக்கரமும் அங்கிருந்து வாங்கிக்கொள்ளலாம். மேற்கூட்டை மட்டும் நாம் செய்தால் போதும்.

பெரிய ஆலைகள் செய்ததில் நமக்கு அருகே வந்தது ஒன்று உண்டு. ப்ளூ டைகர் ஒரே வடிவமைப்பாக ஜெர்மனிக்கும் பாகிஸ்தானுக்கும் மலேசியாவுக்கும் போன இன்ஜின். மூன்று நாட்டிலும் மூன்று அகலத் தண்டவாளம். ஜெர்மானிய வடிவத்தை ஸ்லோவேனியாவின் மெஹானோ நிறுவனம் எச்ஓ அளவில் செய்திருந்தது. பழைய சந்தையில் ஒன்று கிடைத்தால் வண்ணத்தை மாற்றி, சக்கரத் தொகுதியை மாற்றி, கேடிஎம் ஆக்கலாம். வேலை அதிகம், ஆனால் காத்திருக்க வேண்டாம்.

இன்ஜினை விடுங்கள், அதைச் சுற்றி நிறுத்தப் பேராக்கில் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. மலாயாவின் முதல் இரயில் 1885 ஜூன் 1 அன்று தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, எட்டு மைல், ஓடியது. இலங்கையிலிருந்து கொண்டுவந்த தொழிலாளர் படை போட்ட பாதை அது. போர்ட் வெல்ட் இன்று கோலா செபெத்தாங்; தண்டவாளம் போய்விட்டது. ஊர்ப்பெயர்ப் பலகை மட்டும் நிற்கிறது: ரோமன், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்தில். நிலையத்துக்கு யாழ்ப்பாணத்து ஸ்டேஷன் மாஸ்டர், தண்டவாளத்துக்குத் தமிழ்நாட்டுக் கூலி என்றிருந்த காலத்தின் பலகை. அட்டையில் அச்சடித்து ஒட்டினால் ஐந்து ரிங்கிட்கூட ஆகாது. ஆர்தர் பெனிசன் ஹப்பக் வரைந்து 1917இல் கட்டிமுடித்த ஈப்போ நிலையம் அப்படியல்ல. அந்தக் குவிமாடங்களையும் வளைவுகளையும் எச்ஓ அளவில் செய்ய நினைப்பவர் முதலில் சாப்பாட்டு மேசையைக் காலி செய்ய வேண்டும், அதற்கும் முன்னால் வீட்டுக்காரியிடம் அனுமதி வாங்க வேண்டும்.

ஆனால் என்னைக் கேட்டால் முதலில் செய்யத் தக்கது தோட்டத்து இரயில். தெலுக் இந்தான் பக்கம் ஜெண்டராட்டா தோட்டத்தைத் தெரியாத பேராக் தமிழர் இருக்க மாட்டார். தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளே பல. டென்மார்க்காரர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906இல் ஜெண்டராட்டா ரப்பர் கம்பெனியைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய யுனைடெட் பிளாண்டேஷன்ஸ். ரப்பர் போய்த் தென்னையும் செம்பனையும் வந்த பிறகும் அதன் தோட்டங்களில் குறுகிய இருப்புப்பாதை போகவில்லை. 500 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பாதையில் சிறு டீசல் இன்ஜின்கள் செம்பனைக் குலை நிறைந்த கூண்டு வண்டிகளை இழுத்துக்கொண்டு ஆலைக்கே போகின்றன. மண் தளர்ந்த கடலோரத் தாழ்நிலத்தில் கனரக லோரிக்குச் சாலை போட்டுக் கட்டுப்படியாகாது. லோரியில் ஏற்றி இறக்கி அடிபடும் பழத்தில் அமிலம் கூடி எண்ணெயின் தரமும் கெடும். கூண்டிலேயே வந்து கூண்டோடு அவிக்கப் போகும் பழத்துக்கு அந்தச் சேதம் குறைவு.

மாதிரி செய்பவருக்கு இது அல்வா. இன்ஜின் ஒரு கையளவு. அதில் கம்பி இல்லை, ஏணி இல்லை, ஐந்து நிற ஒற்று இல்லை. ஆயிரம் ரிங்கிட்டுக்குள் வரும் ரெசின் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் மேற்கூட்டை ஓர் இரவில் எடுத்துவிடலாம். கூண்டுகள் ஒன்று போலவே மற்றொன்று, ஆகவே ஒன்றை வரைந்தால் முப்பதும் வந்துவிடும். குவாங்டோங் ஆலையின் வரிசையும் வேண்டாம், செங்கடலும் வேண்டாம். வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் பழைய வரைபடத்துக்கு அலையவும் வேண்டாம். தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அளவு டேப்பும் ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு போய் ஒரு கூண்டை அளந்து வந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.