துறையிலிருந்து வைக்கும் முதல் அடி

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 10 ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டுமே 11,842 என்று கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். ஆதலால் அங்கே கோடை பிறந்துவிட்டால், சற்றே கையிருப்புள்ள குடும்பஸ்தர் வீடுகளில் எழும் தர்க்கம் பெரும்பாலும் படகைப் பற்றியதாகவே இருக்கும். கூரிய மூக்கும், மூக்கிலேயே ஆசனங்களும், ஆப்புப்போல் நீரைப் பிளக்கும் அடிப்பாகமும் கொண்ட பௌரைடர் என்னும் வேகப்படகா, அன்றி இரண்டு அலுமினிய உருளைகளின்மேல் திண்ணையொன்றைத் தூக்கி வைத்தாற்போல் மிதந்து செல்லும் பாண்டூனா என்பதே வழக்கு.

இவ்வழக்கில் இரு கட்சிக்கும் மூலபுருஷர்கள் அந்த மாநிலத்துக்காரர்களே என்பது ஒரு விசித்திரம். 1922-இல் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது வாலிபர், பைன் மரப் பலகைகளின் நுனியை வளைத்துக் காலில் பூட்டிக்கொண்டு, பெப்பின் ஏரியில் படகு இழுக்க நீர்மேல் நின்று காட்டினார். இன்று வேகப்படகுக்காகப் பிள்ளைகள் பிடிக்கும் பிடிவாதத்தில் பாதி அன்றே பிறந்துவிட்டது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து, ரிச்மண்ட் என்ற சிற்றூரில் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி, இரும்புப் பீப்பாய்களை வரிசையாகப் பற்றவைத்து, மேலே பலகை பரப்பி ஏரியில் விட்டார். பாண்டூனின் பூர்வோத்தரம் அவ்வளவுதான்.

என் அபிப்பிராயத்தில், சுக்கான் பிடிப்பவரைக் காட்டிலும் துறையிலிருந்து முதல் அடி எடுத்து வைக்கும் மூதாட்டியே இவ்வழக்கைத் தீர்க்கத் தக்கவர். வேகப்படகின் ஓரத்தில் அவர் ஒரு காலை வைத்ததும் அது அந்தப் பக்கம் சாய்கிறது. மற்றொரு காலோ இன்னும் துறையில் நிற்கிறது. பாண்டூனிலோ, பக்கத்துக் கதவைத் திறந்தால் பெரும்பாலும் துறையின் மட்டத்துக்கே தளம் இருக்க, அவர் கூடத்துக்குள் நுழைவதுபோல் நடந்து வந்து உட்கார்ந்துவிடுகிறார். மேலும், எஞ்சினை உள்ளே அடைத்து வைத்த வேகப்படகில், காற்றினும் கனமான பெட்ரோல் ஆவி அடியில் தங்கிவிடுமாதலால், விசிறியை 4 நிமிஷம் ஓட்டி ஆவியை வெளியேற்றிய பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். துள்ளும் குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த 4 நிமிஷம் பொறுப்பது லேசான காரியமன்று.

இதனால் பாண்டூனுக்குத் தோஷமே இல்லையென்று சொல்ல வரவில்லை. எல்லாரும் வேடிக்கை பார்க்க முன்பக்கம் கூடிவிட்ட சமயத்தில் வேறொரு படகின் அலை எதிர்ப்பட்டால், மூக்குத் தாழ்ந்து, தளத்தின்மேல் ஜலம் புரண்டு வரும். வேகப்படகோ அதே அலையைப் பிளந்துகொண்டு போய்விடும். இதைவிடக் கொடிது, முன் கம்பிவேலிக்கு வெளியே நீளும் சிறு மேடை. அங்கே உட்கார்ந்து காலைத் தொங்கவிடப் பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை. தவறி விழுந்தாலோ, உருளைகளுக்கு நடுவே நேராக, எஞ்சின் சுழற்றும் உந்துவிசிறியை நோக்கிப் போக வேண்டியதுதான். படகு நகரும்போது முன் கம்பிவேலியின் கதவு சாத்தியே இருக்க வேண்டும். இதில் தாட்சணியம் கூடாது.

விற்பனையாளர் குதிரைசக்தியைப் பற்றியே பேசுவார்; நாம் கவனிக்க வேண்டியதோ பாரத்தை. 20 அடிக்குக் குறைந்த வேகப்படகாயின், எத்தனை பேர், எவ்வளவு பாரம் என்று பொறித்த தகடு அதில் கட்டாயம் இருக்கும். ஐஸ் பெட்டியும் பைகளும் அந்தப் பாரத்தில் அடக்கம். வெள்ளோட்டத்துக்கு அவர், ஏரி கண்ணாடியாகக் கிடக்கும் காலை வேளையில் வரச்சொல்வார். சனிக்கிழமை பிற்பகல், காற்று எழுந்து, ஊர்ப் படகுகளெல்லாம் ஏரியைக் கலக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், மூதாட்டியையும் அழைத்துக்கொண்டு போவது உத்தமம்.